யயோய் குசாமா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

பூசணிக்காய், புள்ளி, கண்ணாடி அறை. குசாமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த மூன்றில்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம். அவற்றையொட்டி வழக்கமாக வரும் சந்தேகங்களையும், எப்போதாவது வரும் சிக்கலான கேள்விகளையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

1. யார் இவங்க? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் மட்சுமோட்டோ என்ற ஊரில் 1929 மார்ச் 22 அன்று பிறந்தவர். குடும்பத் தொழில் நாற்றுப் பண்ணையும் விதை மொத்த வியாபாரமும். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1948இல் கியோட்டோவுக்குப் போய், நிஹோங்கா எனப்படும் மரபான ஜப்பானிய ஓவியமுறையைப் படித்தார். 1957 நவம்பரில் சியாட்டிலில் இறங்கி, அடுத்த ஆண்டு நியூயார்க் சேர்ந்தார். 15 ஆண்டுகள் அங்கே வரைந்து, தைத்து, தெருவில் நிகழ்ச்சி நடத்தி, 1973இல் ஊர் திரும்பினார்.

சிற்பி, நிகழ்த்துகலைஞர், நாவலாசிரியர், உடை வடிவமைப்பாளர் என்றெல்லாம் அறிமுகப்படுத்துவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவரை ஓவியர் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் மற்றவை புரியும். ஏன் என்பது 5ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. பேரை எப்படிச் சொல்றது?

யயோய் என்பது பெயர், குசாமா குடும்பப் பெயர். ஜப்பானியர் சொல்லும்போது எதையும் நீட்டுவதில்லை. ‘குசமா’ என்றுதான் காதில் விழும். தமிழில் ‘குசாமா’ என்றே பழகிவிட்டது. யயோய் என்பது பழைய ஜப்பானிய நாட்காட்டியில் மூன்றாம் மாதத்தின் பெயர். மார்ச்சில் பிறந்த பிள்ளைக்குப் பொருத்தமான பெயர்தான்.

3. சின்ன வயசுலயே கண்ணுக்கு முன்னாடி புள்ளி புள்ளியா தெரிஞ்சுதாமே, நிஜமா?

அவரே சொல்லியிருப்பது இது: சிவப்புப் பூப்போட்ட மேசைவிரிப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அதே பூக்கள் கூரையில், ஜன்னலில், சுவரில், கடைசியில் தன் உடம்பிலும் படர்ந்திருந்தன. தான் கரைந்து காணாமல் போவதுபோல் பயம் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட காட்சிகள் பத்து வயதையொட்டித் தொடங்கின என்கிறார். தன்னை ‘அழித்துக்கொள்வது’ என்று பிற்பாடு அவர் விடாமல் பயன்படுத்திய சொல்லுக்கு வேர் இங்கேதான். வீட்டிலும் நிம்மதி இல்லை. அப்பாவுக்கு வெளித் தொடர்புகள். வேவு பார்க்க மகளை அனுப்புவார் அம்மா. படம் வரைந்தால் பிடுங்கிக் கிழிப்பார். போர்க்காலத்தில் பள்ளிப்பிள்ளையாக இருந்தபோதே தொழிற்சாலையில் பாராசூட் தைக்க அனுப்பப்பட்டார். அந்தத் தையல் கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘நோய் வந்தது, அதனால் கலை வந்தது’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். மனப்பிரமை பலருக்கும் வருகிறது. அதைக் கேன்வாஸில் பிடிக்க அவருக்கு உதவியது நிஹோங்காவில் பழகிய தூரிகைக் கட்டுப்பாடு. அந்தப் படிப்பை வெறுத்ததாகச் சொல்வார். கை அதை மறக்கவில்லை.

4. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா அமெரிக்கா போனது எப்படி?

ஒரு கடிதத்தில் தொடங்கியது. மட்சுமோட்டோவில் ஒரு புத்தகத்தில் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப்பின் படத்தைப் பார்த்தார். ரயிலேறி டோக்கியோ போய், அமெரிக்கத் தூதரகத்தில் முகவரியைத் தேடி எடுத்து, 1955இல் தன் நீர்வண்ணப் படங்கள் சிலவற்றோடு எழுதினார். முன்பின் தெரியாத பெண்ணுக்கு ஓ’கீஃப் பதில் போட்டார். இங்கே பிழைப்பது கஷ்டம், வந்தால் படங்களை எல்லோரிடமும் காட்டு என்பது அவர் சொன்ன யோசனையின் சாரம்.

அன்று ஜப்பானிலிருந்து பணம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. டாலர் நோட்டுகளை உடைக்குள் வைத்துத் தைத்தார், காலணி நுனியில் திணித்தார். விற்றுப் பிழைக்கலாம் என்று பட்டுக் கிமோனோக்களும் சுமார் 2,000 சித்திரங்களும் பெட்டியில் போயின. புறப்படும் முன் ஆற்றங்கரையில் பழைய படங்களைக் கொளுத்திவிட்டார். அதனால்தான் 1957க்கு முந்தைய படைப்புகள் இன்று அவ்வளவு அரிது.

5. ‘முடிவிலி வலை’ன்னு சொல்றாங்களே, அது என்ன? எப்படி வரைஞ்சாங்க?

இது அவருடைய ஓவிய வரிசை ஒன்றின் பெயர். அவர் கலைக்கே இதுதான் மையம். முதலில் கேன்வாஸ் முழுக்க ஓர் அடிநிறம், பெரும்பாலும் கறுப்பு. காய்ந்தபின் மேலே வெள்ளை எண்ணெய் வண்ணம். சின்னத் தூரிகையால் மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி ஒரு வளைவு. அதை ஒட்டி அடுத்தது. ஒவ்வொரு வளைவும் நடுவில் நகக்கண் அளவுக்கு அடிநிறத்தை மூடாமல் விட்டுவிட்டு நகரும். இப்படி ஆயிரக்கணக்கில். மையம் இல்லை, தொடக்கம் இல்லை, ஓரத்தில் வலை முடிவதும் இல்லை, கேன்வாஸ்தான் முடிந்துபோகிறது. சில ஆரம்பகாலப் படங்களில் எல்லாம் முடிந்தபின் நீர்த்த வெள்ளையை மெல்லிசாக மேலே ஓட்டிவிட்டார். பத்தடி தள்ளி நின்றால் வெற்றுச் சுவர்போல் இருக்கும். கிட்டே போனால் வலை மேலெழும்பி வரும். அச்சுப் படத்திலும் கைபேசித் திரையிலும் இது வராது. ‘இதுல என்ன இருக்கு’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் திரையில் மட்டும் பார்த்தவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் படங்களில் அவர் புள்ளியே வைக்கவில்லை. வைத்தது வலையை, வலைக்கண்ணில் தப்பி நிற்கும் கறுப்புதான் புள்ளி. பிற்பாடு வந்த புள்ளிகளெல்லாம் இந்த வலையின் மறுபக்கம். நாற்பது, ஐம்பது மணிநேரம் எழாமல் வரைந்ததாகச் சொல்வார். வரைந்துகொண்டே போனதில் வலை மேசைக்கும் தரைக்கும் தன் கைக்கும் படர்ந்துவிட்டதாகவும் சொல்வார். பிறகு வந்த சிற்பம், அறை, உடம்பு எல்லாவற்றுக்கும் வழி இங்கேதான் திறந்தது.

6. நம்ம புள்ளிக் கோலம் மாதிரிதானே?

இல்லை, கிட்டத்தட்ட நேர்மாறு. கோலத்தில் முதலில் புள்ளி, எண்ணிக்கை தப்பக்கூடாது, அதைச் சுற்றித்தான் கம்பி ஓடும். இங்கே முதலில் கம்பி, எண்ணிக்கை கிடையாது, புள்ளி தானாக விழும் மிச்சம். பார்வைக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவே. அவர் சொல்லும் மூலம் வேறு: விமானத்திலிருந்து கீழே பார்த்த பசிபிக் கடலின் அலைப்பரப்பு.

7. நியூயார்க்ல உடனே பேர் கிடைச்சுதா?

பேர் சீக்கிரம் கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. தூக்கியெறிந்த பழைய கதவே படுக்கை. மீன்கடைக்காரர் வீசும் மீன்தலையை வேகவைத்துச் சூப். 1959 அக்டோபரில் கிரீன்விச் வில்லேஜ் பக்கம் கலைஞர்களே நடத்திய பிராட்டா கேலரியில் ஐந்து பெரிய வெள்ளை வலைகளை வைத்தார். பிற்பாடு சிற்பியாகப் புகழ்பெற்ற டொனால்டு ஜட் அப்போது விமர்சகர்; பாராட்டி எழுதியதோடு நிற்காமல் ஒரு படத்தையும் வாங்கினார். ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா ஒரு மஞ்சள் வலையை 75 டாலருக்கு வாங்கினார். அது இப்போது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. 1961இல் குசாமா காட்சிக்கு வைத்த ஒரு வெள்ளை வலை 33 அடி நீளம்.

8. ஆண்டி வார்ஹோல் இவங்க ஐடியாவைத் திருடினாருன்னு சொல்றாங்களே?

தேதிகளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவுக்கு வாருங்கள். 1962இல் குசாமா ஒரு பழைய சாய்வு நாற்காலி முழுக்க, பஞ்சடைத்துத் தைத்த ஆண்குறி வடிவங்களை ஒட்டி வெள்ளையடித்தார். (பயப்படுவதையே ஆயிரம் தடவை செய்தால் பயம் போகும் என்பது அவர் வைத்தியம்; பாராசூட் தைத்த கை இங்கே உதவிற்று.) ஜூனில் கிரீன் கேலரியின் குழுக் காட்சியில் அது இருந்தது, அதே காட்சியில் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் வைத்தது காகிதக்கூழ் உடுப்பு. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஓல்டன்பர்க் தைத்த துணிச் சிற்பங்களோடு வந்தார், புகழும் அவருக்கே போயிற்று. 1963இல் குசாமா ஒரு படகைத் துணிக் குறிகளால் மூடி, அதன் புகைப்படத்தையே 999 பிரதி எடுத்துச் சுவரிலும் கூரையிலும் ஒட்டினார். அமெரிக்க ஓவியர் வார்ஹோல் ஒரே மாட்டுத்தலையைத் திரும்பத் திரும்ப அச்சிட்ட சுவர்த்தாள் 1966. குசாமாவின் முதல் கண்ணாடி அறை 1965 நவம்பர். இன்னொரு நியூயார்க் கலைஞர் லூகாஸ் சமராஸின் கண்ணாடி அறை 1966 அக்டோபர்.

‘திருட்டு’ என்பது குசாமாவின் தரப்பு. எல்லோரும் ஒரே நாலைந்து கேலரிகளில் புழங்கியவர்கள், யோசனைகள் காற்றில் இருந்தன என்பது மறுதரப்பு. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரே மாதிரி வேலை செய்த வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த கேலரி ஒப்பந்தமும் விற்பனையும் இந்த ஜப்பானியப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஜன்னலை மூடிவிட்டு ரகசியமாக வேலைசெய்யும் அளவுக்கு அது அவரைப் பாதித்தது.

9. வெனிஸ்ல பந்து வித்து மாட்டிக்கிட்டாங்களாமே?

1966 வெனிஸ் பியன்னாலே, அதாவது இரண்டாண்டுக்கு ஒருமுறை அங்கே நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி. அதிகாரபூர்வ அழைப்புப் பட்டியலில் பெயர் இல்லை. லூசியோ ஃபோன்டானா என்ற ஓவியரின் பண உதவியோடு 1,500 கண்ணாடிப் பளபளப்புள்ள பிளாஸ்டிக் பந்துகளை இத்தாலி அரங்குக்கு வெளியே புல்தரையில் பரப்பினார். தங்கநிறக் கிமோனோவில் நடுவே நின்று, ‘உங்கள் தற்பெருமை விற்பனைக்கு’ என்று பலகை வைத்து, ஒன்று 1,200 லிரா என்று கூவி விற்றார். அன்றைய மதிப்பில் இரண்டு டாலர். பந்தில் தெரிவது வாங்குபவரின் முகம்! ஐஸ்கிரீம் விற்பதுபோல் கலையை விற்கக்கூடாது என்று அமைப்பாளர்கள் வியாபாரத்தை மட்டும் நிறுத்தினார்கள், பந்துகளை விட்டுவைத்தார்கள்.

இப்போது அருங்காட்சியகங்களில் நீங்கள் பார்க்கும் அதே படைப்பு, துருப்பிடிக்காத எஃகுப் பந்துகளால் ஆனது. யாரும் விற்பதில்லை. அதனால் அதன் முள் போய்விட்டது, அழகு மட்டும் மிச்சம் என்பது எங்கள் கருத்து. 1993இல் இதே வெனிஸில் ஜப்பான் தன் அரங்கு முழுவதையும் இவர் ஒருவருக்கே கொடுத்தது.

10. தெருவுல ஆளுங்களை நிர்வாணமா ஆடவிட்டாங்களே, அதுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்?

5ஆம் கேள்விக்குத் திரும்புங்கள்: வலை கேன்வாஸைத் தாண்டிப் படர்கிறது. 1966இல் கிமோனோவும் பூ வைத்த குடையுமாக நியூயார்க்கின் வெறிச்சோடிய தெருக்களில் நடந்ததைப் புகைப்படக்காரர் எய்கோ ஹொசோயே எடுத்த படவரிசைதான் தொடக்கநிலை. அதில் அவர் மட்டுமே. 1967 முதல் 1969 வரை மற்றவர் உடம்புகள் வந்தன. முறை ஏறத்தாழ ஒன்றே. முதலில் பத்திரிகைகளுக்கு அறிவிப்பு. கூட்டம் கூடும் இடமாகத் தேர்வு: நியூயார்க் பங்குச் சந்தை எதிரே, புரூக்ளின் பாலம், சுதந்திர தேவி சிலை. நடனக்காரர்கள் சட்டென்று உடை களைவார்கள்; குசாமா தூரிகையோடு அவர்கள்மேல் புள்ளி வைப்பார். பெரும்பாலும் அவர் உடுத்தியபடிதான் நின்றார். அவர் வேலை வரைவது. போலீஸ் வரும்வரை சில நிமிடங்கள், அவ்வளவுதான். புள்ளி வைத்த உடம்பு பின்னணியோடு கலந்து தனி ஆள் என்பது அழிகிறது என்பதே தத்துவம். வியட்நாம் போர் எதிர்ப்பும் கூடவே வந்தது. 1968இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்ற நிக்சனுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்.

1969 ஆகஸ்டில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டத்தில், அனுமதியில்லாமல், எட்டுப் பேர் நீர்த்தொட்டிக்குள் இறங்கிச் சிலைகளோடு நிர்வாணமாக நின்றார்கள். மறுநாள் ‘டெய்லி நியூஸ்’ முதல் பக்கம் முழுக்க அதுதான். இதில் சறுக்கியதும் உண்டு. விளம்பரம் நிகழ்ச்சியைத் தின்றுவிட்டது. விமர்சகர்கள் ‘விளம்பரப் பைத்தியம்’ என்று ஒதுக்கினார்கள், மட்சுமோட்டோவில் குடும்பம் தலைகுனிந்தது, வலை ஓவியங்களை எல்லோரும் மறந்தே போனார்கள். அவர் 1973இல் திரும்பியபோது வரவேற்க யாரும் இல்லை. அதே நவீன கலை அருங்காட்சியகம் 1998இல் அவருடைய 1958–68 காலப் படைப்புகளை உள்ளே, அழைத்து, மாட்டியது.

11. கண்ணாடி அறைக்குள்ள என்னதான் இருக்கு? ஏன் அரை நிமிஷத்துல வெளிய தள்ளுறாங்க?

அறை சின்னதுதான். சுவரும் கூரையும் கதவின் உட்புறமும் கண்ணாடி. நிற்க ஒரு சிறு மேடை. பல அறைகளில் அதைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீர். மேலிருந்து வெவ்வேறு உயரத்தில் சின்ன விளக்குகள். 2002ஆம் ஆண்டின் ‘நீர்மேல் மின்மினிகள்’ படைப்பில் 150 விளக்குகள். எதிரெதிர்க் கண்ணாடிகள் அதை எண்ணற்றதாக்குகின்றன. ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் கொஞ்சம் ஒளி குறையும்; சாதாரணக் கண்ணாடியென்றால் தூரம் போகப் போகப் பச்சை ஏறும். அந்த மங்கல்தான் ஆழம் என்ற உணர்வைத் தருகிறது. ஆனால் பிழையும் அதே கணக்கில் பெருகும்: ஒரு விளக்கு அணைந்தால் ஒரு வரிசையே செத்துத் தெரியும், ஒரு கைரேகை நூறு கைரேகை, கதவு சரியாக மூடாமல் ஒரு கீற்று வெளிச்சம் வந்தால் மாயமே போச்சு. முதல் அறையைக் கட்டிய காரணம் ரொம்ப நடைமுறையானது. துணிக் குறிகளைத் தைத்துத் தைத்துக் கை ஓய்ந்துபோனது. கண்ணாடி வைத்தால் நூறு தைத்தாலே லட்சம்.

அரை நிமிடத்துக்குக் காரணம் வெறும் கணக்கு. ஆள் மாற 15 விநாடியோடு சேர்த்து ஒரு முறைக்கு 45 விநாடி என்றால், எட்டு மணிநேரத்தில் 640 முறை. வாசலில் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். 2017இல் வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இரண்டு மூன்று பேராக, 20 முதல் 30 விநாடிதான் கிடைத்தது. அங்கே பார்வையாளர் ஒருவர் தடுமாறி ஒரு பூசணி உடைந்து, அந்த அறையையே சில நாள் மூடவேண்டியதாயிற்று. நீங்கள் போனால் முதல் பத்து விநாடிக்குக் கைபேசியை எடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகவே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

12. ஏன் பூசணிக்காய்?

விதைப் பண்ணை வீடு என்று 1இல் சொன்னோம். சிறுவயதில் வயலில் பார்த்த கபோச்சா பூசணியின் கோணல்மாணல் வடிவம் பிடித்துப்போனது. நிஹோங்கா படித்த நாளிலேயே வரைந்திருக்கிறார். பெரிய அளவில் வந்தது 1993 வெனிஸில்: மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த கண்ணாடி அறை, அதே நிறத்தில் உடுத்திய குசாமா, வந்தவர்களுக்குக் குட்டிப் பூசணிகள்.

ஜப்பானின் நவோஷிமா தீவில் படகுத்துறைத் திட்டின் நுனியில் 1994 முதல் இருந்த மஞ்சள் பூசணி, 2 மீட்டர் உயரம், கண்ணாடியிழை; உள்ளே வெற்றிடம். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி எடுத்துவைப்பது வழக்கம். 2021 ஆகஸ்டில் எடுப்பதற்குள் அலை முந்திக்கொண்டது. உள்ளே காற்றிருப்பதால் மூழ்காமல் மிதந்து, கரையில் மோதி மோதிப் பிளந்தது. 2022 அக்டோபரில் கனத்த ஓட்டோடு புதிதாகச் செய்து வைத்தார்கள்.

13. மனநல மருத்துவமனையில அடைச்சு வெச்சிருக்காங்களா?

யாரும் அடைக்கவில்லை. 1977இல் தானாகவே போய்ச் சேர்ந்தார், அங்கேயே வசிப்பது என்று முடிவெடுத்தார். ஸ்டூடியோ பக்கத்திலேயே, காலையில் போய் வரைந்துவிட்டு மாலையில் திரும்புவது பல ஆண்டு வழக்கம்.

2009இல் தொடங்கிய ‘என் நித்திய ஆன்மா’ வரிசை 2021 வரை நூற்றுக்கணக்கான படங்களாக நீண்டது. பெரும்பாலானவை 194 செ.மீ. சதுரம். கேன்வாஸை நிறுத்தாமல் மேசைமேல் படுக்கவைத்து, முன்வரைவு எதுவும் இல்லாமல், ஓரத்திலிருந்து உள்நோக்கி அக்ரிலிக்கில் வரைவார். எட்டாத பக்கம் வந்தால் கேன்வாஸைத் திருப்பிக்கொள்வார். அதனால்தான் பல படங்களில் எந்தப் பக்கம் மேல் என்று உங்களால் சொல்ல முடிவதில்லை. எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்லமாட்டோம். ஆனால் 1959 வலையில் இருந்த அதே மணிக்கட்டுச் சுழற்சியை இவற்றிலும் காணலாம்.

14. என்ன விலைக்குப் போகுது? போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1959ஆம் ஆண்டு வலை ஒன்று 2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் சுமார் 105 லட்சம் டாலருக்குப் போனது. 7இல் சொன்ன 75 டாலரோடு வைத்துப் பாருங்கள். போலிகளும் அதே வேகத்தில் வருகின்றன. 2018இல் சீனாவின் பல நகரங்களில் முழுக் கண்காட்சிகளே போலியாக நடந்தன.

வாங்குவதாக இருந்தால் முதலில் கேட்கவேண்டியது குசாமா ஸ்டூடியோ தரும் பதிவு அட்டை. படத்தை மட்டும் வைத்துப் பார்ப்பதானால், போலி வலை அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும், எல்லாக் கண்ணும் ஒரே அளவு. அசலில் வண்ணம் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், வளைவுகளின் போக்கு சாயும், தள்ளிநின்றால் பரப்பே அலைபோல் புரளும். இது சந்தேகத்தை எழுப்ப மட்டுமே போதும், உறுதிசெய்யப் போதாது.

15. கறுப்பின மக்களைப் பத்தி மோசமா எழுதியிருக்காங்களாமே?

ஆம். 2002இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் வேறு சில எழுத்துகளிலும் கறுப்பின மக்களை இழிவாகச் சித்தரித்த பகுதிகள் உண்டு. 2023இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியையொட்டி இது பெரிதாக எழ, புண்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தியதற்கு வருந்துவதாக அறிக்கை விட்டார். தன்னை ஒதுக்கிய நியூயார்க்கைப் பற்றி 8இல் சொன்னது எவ்வளவு உண்மையோ, இதுவும் அவ்வளவு உண்மை. நோயைக் காரணம்காட்டி இதைத் தள்ளிவிடுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

16. நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 2017 அக்டோபரில் திறந்த அவருடைய சொந்த அருங்காட்சியகம் ஐந்து மாடி. வாசலில் டிக்கெட் கிடையாது. நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் உள்ளே. மட்சுமோட்டோ நகரக் கலை அருங்காட்சியகத்தில் ஆரம்பகாலப் படைப்புகள் இருக்கின்றன, வாசலிலேயே ராட்சதப் பூக்கள் நிற்கும். டோக்கியோவிலிருந்து ஒருநாள் பயணமாகவே போய்வரலாம். இந்தியாவில் என்றால், மும்பை நீத்தா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தில் ‘மேகங்கள்’ என்ற எஃகுப் படைப்பு இருக்கிறது. தரையில் கிடக்கும் பாதரசச் சொட்டுகள்போல் இருக்கும்.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், கண்ணாடி அறையின் வரிசையை விட்டுவிட்டு, அதே கட்டடத்தில் வலை ஓவியம் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே பெரும்பாலும் கூட்டம் இருக்காது, நேரக் கட்டுப்பாடும் இல்லை. முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள், பிறகு கிட்டே போங்கள்.